கீத் பேரில் உள்ளதெல்லாம்

அத்தியாயம் 14

போன வாரம், ஈப்போ சிலிபினில் கீத் வீட்டு வாசலில் கூடாரம் போட ஆட்கள் வந்து நின்றதோடு விட்டிருந்தோம். கீத் லோரியில் அடிபட்டு இறந்து இன்றோடு நாற்பது நாள். சாயங்காலம் ஐந்தரைக்கு ஜெபம். அவன் மனைவி ட்ரேசி இன்னும் கறுப்புதான் உடுத்துகிறாள்.

அவர்கள் எடுத்து வளர்த்த மகள் ஏஞ்சலாவுக்குப் பதினேழு வயது. அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஐ.சி. என்கிற அடையாள அட்டையும் இல்லை. பள்ளியில் எல்லாருக்கும் முன்னால் முதல் ஆளாகப் பரிசு வாங்கியவள், எந்த நாட்டுக் கணக்கிலும் கிடையாது. பெற்றவள் இந்த நாட்டுக் குடிமகள் என்று காட்டினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வழக்கறிஞர் அம்மா சொல்லியிருக்கிறார். ஈப்போ நீதிமன்றத்தில் விசாரணை நாளைக் காலை பத்து மணிக்கு. இனித் தள்ளிவைக்க மாட்டேன் என்று நீதிபதி போன தடவையே சொல்லிவிட்டார்.

பெற்றவள் யார் என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒரு ஆள். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி நல்லம்மாள். சாவதற்கு நான்கு நாள் முன்பு கீத் அவரைத் தேடிப் பிடித்துப் பேசவைத்து, வீடியோ எடுத்து வந்தான். "நல்லம்மா பேசிட்டாங்க, ட்ரேசி. ரெக்கார்ட் ஆயிருச்சு" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னவோ மாதிரி இருந்தான். மறுபடியும் பஸ்ஸில் சிலிம் ரிவர் போய்த் திரும்பி, ரோட்டைக் கடக்கும்போதுதான் அந்த லோரி. கைப்பேசியும் அவனோடு நசுங்கிப் போனது. நல்லம்மாளும் போன மாதம் கண்ணை மூடிவிட்டார்.

ஆக, அந்த வீடியோ ஒன்றுதான் பாக்கி. அது கூடத்தில், திருவிருதயப் படத்துக்குக் கீழே, கீத்தின் கறுப்புக் கணினிப் பெட்டிக்குள் இருந்தது.

காலை பதினொரு மணி வரைக்கும் இருந்தது.

*

வீட்டை நடத்திக்கொண்டிருந்தவள் ஐவி. கீத்துக்குத் தங்கை, கடைசித் தம்பி கோலினுக்கு அக்கா. நாற்பத்தொரு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பாலர் பள்ளி ஆசிரியை. ஐவி ஒரு வேலையைக் கையில் எடுத்தால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை.

நாற்பதாம் நாள் ஜெபம் தொடங்கும்போது இறந்தவர் பேரில் வீட்டில் ஒன்றும் இருக்கக்கூடாது. எல்லா வீட்டிலும் இப்படியா என்று கேட்காதீர்கள், இந்த வீட்டில் இப்படித்தான். கீத்தின் சட்டைகள் மூட்டையாகக் கட்டிக் கோவில் மண்டபத்துக்குப் போய்விட்டன. அவனுடைய மோட்டார் சைக்கிள், சாவிக்கொத்தோடு, மூன்று தெரு தள்ளியிருக்கும் கனகராஜுக்குப் போய்விட்டது. கணினிப் பெட்டியை ஜெபம் முடிந்ததும் கோவில் அலுவலகத்துக்குக் கொடுப்பதாக முடிவு.

"கோலின், அந்தப் பொட்டியில அண்ணன் பேர்ல என்னென்ன இருக்கோ அத்தனையும் எடுத்துடு" என்றாள் ஐவி, அடுப்படியிலிருந்து. "ஒரு ஊசி மிச்சம் இருந்தாலும் அவனால கெளம்பிப் போக முடியாது."

சொல்லிக்கொண்டே கறிச்சட்டியின் மூடியைத் தூக்கினாள். ஆவி மணிக்கட்டில் அடித்தது. வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். ஐவி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். மூக்கு வழியாக ஒரு கோவில் பாட்டின் ராகம் மெல்ல வந்தது. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். வலித்தால் வாயைத் திறக்கமாட்டாள், ராகம்தான் வரும்.

"எண்ணெய் போடுங்க அக்கா" என்றான் கோலின்.

"நீ உன் வேலையப் பாரு."

கோலினுக்கு முப்பத்து நான்கு வயது. டவுனில் கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை. கீத்தோ ஒரு கல்லூரியின் சர்வர்கள் அத்தனையையும் கட்டி மேய்த்தவன். அவற்றை ஓட்டும் யூனிக்ஸ் என்றால் அவனுக்குத் தாய்மொழி மாதிரி. தம்பிக்கு அதில் தெரிந்தது, அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த அளவுதான். ஆபத்து பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கிறது.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்று சிஸ்டம் டிஸ்க், இயந்திரத்தின் உயிரே அதில். இன்னொன்று பேக்கப், எல்லாவற்றுக்கும் நகல். கோலின் ஒன்றும் கவனமில்லாதவன் அல்ல, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேக்கப் டிஸ்கைத் திறந்து பார்த்தான். 'ஏஞ்சலா' என்ற பெயரில் ஒரே கோப்பாகக் கட்டிவைத்த ஒரு பெட்டகம் இருந்தது, வழக்குக் காகிதங்களும் வீடியோவும் அதற்குள் இருந்தன. சரி, பத்திரமாக இருக்கிறது, சிஸ்டம் டிஸ்கைச் சுத்தம் பண்ணிவிட்டு அப்புறமாகப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

அந்த 'அப்புறமாக'த்தான் அவனைக் கவிழ்த்தது.

முதலில் கீத் என்ற பயனரையே நீக்கும்படி இயந்திரத்துக்குச் சொன்னான். அது மறுத்தது. கீத் இப்போது பயன்பாட்டில் இருக்கிறார், 1187 என்ற எண்ணுள்ள வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு வரி வந்தது. செத்துப்போன அண்ணன் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதாகக் கறுப்புத் திரையில் கோலின் படித்தான். அந்த வேலை என்ன என்று நின்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு ஒரு கட்டளை கொடுத்தான்: வேரிலிருந்து தொடங்கு, கீத்துக்குச் சொந்தமானது எங்கே இருந்தாலும் தேடு, கிடைத்ததை அழி.

யூனிக்ஸில் எல்லாமே ஒரே வேரிலிருந்துதான் கிளை விடும். பேக்கப் டிஸ்க் தனியாக வெளியில் நிற்பதில்லை, அதுவும் அந்த வேரின் ஒரு கிளையில்தான் மாட்டியிருக்கும். அதில் இருந்த நகல்களும் கீத்துக்குச் சொந்தமானவைதான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"முடிஞ்சதா? ஒண்ணும் மிச்சம் இல்லையே?" ஐவி கூடத்துக் கதவருகில் வந்து நின்றாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"முடிஞ்சது அக்கா."

ஐவி போனதும், பேக்கப் டிஸ்கில் உள்ளதைப் பட்டியல் போடச் சொன்னான். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. நகல் எடுக்கும் கட்டளையைக் கேட்டான். அதுவும் இல்லை. கீத்துக்கு எல்லாவற்றையும் தன் கையால் செய்ய வேண்டும். இந்தச் சின்னச் சின்னக் கருவிகளைக்கூடத் தானே தொகுத்துத் தன் பேரில் வைத்திருந்தான். அவன் பேரில் இருந்ததால் அவையும் போய்விட்டன. மிச்சமிருந்த ஒரே வழியாக, டிஸ்கில் என்னென்ன இருக்கிறது என்று நட்சத்திரக் குறி போட்டுக் கேட்டான். பெயர்கள் வரவேண்டும். கேட்ட கேள்வியே அப்படியே திரும்பி வந்தது, உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

மத்தியானம் இரண்டு மணி வரை கோலின் தனக்குத் தெரிந்ததையெல்லாம் தட்டிப் பார்த்தான்.

*

"கோலின், லாயர் போன் பண்ணாங்க. அந்த வீடியோவ இதுல போட்டுக் குடுப்பா." ட்ரேசி ஒரு பென்டிரைவை நீட்டினாள். பின்னால் ஏஞ்சலா, கை நிறைய மல்லிகைச் சரம்.

கோலின் வாங்கவில்லை.

"அண்ணி, நான் அழிச்சிட்டேன்."

"எத?"

"எல்லாத்தையும். பேக்கப்பும் போச்சு. தெரியாம செஞ்சிட்டேன் அண்ணி. சத்தியமா தெரியாம."

ட்ரேசி அழவில்லை. நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள்.

"நாப்பது நாளைக்கு முன்னாடி அவர லோரிக்காரன் கொன்னான்" என்றாள். "இன்னிக்கு நீ கொன்னிருக்க."

கோலின் நாற்காலியைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவன் கை தானாகப் பெட்டியின் பொத்தானுக்குப் போனது. கடையில் எந்த இயந்திரம் முரண்டு பிடித்தாலும் அவனுடைய முதல் வைத்தியம் அணைத்துப் போடுவதுதான். விரல் படுவதற்குள் ஏஞ்சலா மல்லிகையைப் போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

"வேணாம் சித்தப்பா. ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா மொதல்ல கையக் கட்டிக்கிட்டு உக்காருன்னு டாடி சொல்வாரு. தேவன் அங்கிளக் கூப்பிடுங்க."

தேவன் கீத்தோடு அதே கல்லூரியில் வேலை பார்த்தவர். விடுமுறைக்குப் பாகான் செராயில் மாமனார் வீட்டில் இருந்தார். கைப்பேசியில் பின்னால் நெல் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது.

கோலின் எல்லாவற்றையும் கொட்டினான். தேவன் திட்டவில்லை. அதுவே கோலினுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

"மெஷின ஆஃப் பண்ணியா?"

"இல்லண்ணே."

"பண்ணாதே. அந்தக் கருப்பு விண்டோ தொறந்திருக்கில்ல, அத மூடினே, முடிஞ்சது. திரும்ப உள்ள போக வழி கெடையாது. மொதல்ல ஒரு நம்பர் சொல்லுச்சே, என்ன அது?"

"1187."

தேவனின் குரல் உயர்ந்தது.

"அது கீத் எழுதின ப்ரோகிராம்லா. ஏஞ்சலா கேஸ் பெட்டகத்தத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். இப்பவும் ஓடுதா?"

"ஓடுதுன்னு நெனைக்கறேன்."

"அப்ப கேளு. நீ அழிச்சது பேர மட்டும்தான். ரிஜிஸ்டர்ல பேர அடிச்சுட்டே, ஆனா ஆளு இன்னும் வீட்டுக்குள்ள உக்காந்திருக்கு. அந்த ப்ரோகிராம் பிடிய விடற வரைக்கும் ஃபைல் உயிரோட இருக்கும். விட்டா, கரண்டு போனா, யாராவது சுவிட்ச தட்டினா, அவ்ளோதான்."

ஏஞ்சலா கைப்பேசிக்குப் பக்கத்தில் குனிந்தாள். "எடுக்க முடியுமா அங்கிள்?"

"நகல் எடுக்கற கமாண்ட்தான் இல்லையே மா. உங்க டாடி சாவிக்கொத்துல செகப்பா ஒரு சின்ன பென்டிரைவ் தொங்கும் பாத்திருக்கியா? இந்த மாதிரி நேரத்துக்குன்னே எல்லா டூலும் அதுல போட்டு வெச்சிருப்பாரு. அத எடுத்துட்டு வா."

சாவிக்கொத்து காலையிலேயே மோட்டாரோடு போய்விட்டது.

*

ஏஞ்சலா வெயிலில் ஓடினாள்.

கனகராஜ் வீட்டு முன்னால் கீத்தின் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மீட்டருக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது. ஏஞ்சலா மோட்டாரின் சீட்டில் கை வைத்தாள். அதன் பின்னால் உட்கார்ந்துதான் பத்து வருடம் பள்ளிக்கூடம் போனாள்.

"அங்கிள், அந்த செகப்பு பென்டிரைவ் மட்டும் வேணும்."

கனகராஜ் துணியை உதறினார். முகத்தில் சங்கடம்.

"நாப்பதாம் நாளு குடுத்த சாமான திரும்ப வாங்கக் கூடாது பாப்பா. ஒங்க அத்தகிட்ட கேட்டியா? டாடிக்கு நல்லதில்ல."

"மோட்டார் வேணாம் அங்கிள்."

"என்னா இருந்தாலும் குடுத்தது குடுத்ததுதானே. அந்த ஆத்மா கெளம்பற நேரம்லா இது."

ஏஞ்சலா அழக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள்.

"டாடி கெளம்பிருவாரு அங்கிள். நான் எங்க கெளம்பறது? நாளைக்கு இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா, எனக்குக் காலேஜ் இல்ல, வேல இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனாகூட வெளிநாட்டுக்காரின்னு எழுதறாங்க. நான் சிலிபின்ன தாண்டி எங்கயும் போனதில்ல."

கனகராஜ் சாவிக்கொத்தைக் கழற்றினார். சிவப்புத் துண்டை மட்டும் பிரிக்கத் தெரியாமல் பல்லால் கடித்து வளையத்தை விரித்து, எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். அவர் போகிற கோவில் வேறு, இருந்தாலும் போட்டுக்கொண்டார்.

*

வீட்டில் ட்ரேசி மெயின் சுவிட்சுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அது பழைய வீடு. சோற்றுக் குக்கரும் இரண்டு மின்விசிறியும் சேர்ந்து ஓடினாலே சுவிட்ச் விழுந்தாலும் விழும். இன்று கூடாரத்துக்கு நான்கு விசிறி, உணவு சூடாக வைக்க ஒரு மேசை, மைக் வேறு. ட்ரேசி ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். குக்கரில் சோறு பாதி வெந்து நின்றது.

"அண்ணி, அறுபது பேருக்குச் சோறு! என்ன ஆச்சு உங்களுக்கு?" ஐவி கத்தினாள்.

"கேஸ் அடுப்புல வடிச்சுக்கலாம்."

"விசிறியையும் நிறுத்திட்டீங்க. பெரியவங்கல்லாம் இந்தச் சூட்ல எப்படித் தாங்குவாங்க, எப்படி தாஹான் பண்ணுவாங்க?"

"வேர்க்கட்டும்" என்றாள் ட்ரேசி. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இருபது வருடத்தில் ஐவியிடம் அவள் இப்படிப் பேசியதில்லை.

ஏஞ்சலா வந்து சேர்ந்தபோது மணி மூன்றே கால். தேவன் கைப்பேசியில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், கோலின் திரும்பப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தட்டினான். சிவப்புப் பென்டிரைவ் மாட்டியது. அதிலிருந்த கருவிகள் வேலை செய்தன. 1187 எதையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டார்கள்.

ஒரு வரி வந்தது. பெட்டகத்தின் பெயர், அதன் பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்பு. அளவு மூன்று ஜிபிக்குக் கொஞ்சம் மேல். உரிமையாளர் கீத். வேலை தொடங்கி நாற்பத்து நான்கு நாள் ஆகிறது.

"டாடி தொறந்து வெச்சது" என்றாள் ஏஞ்சலா. "அப்படியே இருக்கு."

கோலின் நகல் எடுக்கும் கட்டளையைத் தட்டினான். பழைய பென்டிரைவ், மெதுவாகத்தான் எழுதும், இருபது நிமிடம் ஆகும் என்றார் தேவன். மூன்று பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கூடத்தில் விசிறி இல்லை. ட்ரேசியின் கறுப்புச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. யாரும் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

ஐவி, மாலை போட்ட கீத்தின் படத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நாலு மணி ஆகப்போகுது, உபதேசியார் வர்ற நேரம். இந்த எடத்துலதான் படத்த வைக்கணும். பொட்டிய எடுங்க." சொன்ன வேகத்தில் குனிந்து சுவர் சுவிட்சில் விரலை வைத்துவிட்டாள்.

ஏஞ்சலா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். காலையில் ஆவி பட்ட இடம். ஐவியின் உதடு மூடிக்கொண்டது, மூக்கால் ராகம் வந்தது.

"அத்தே, வேணாம்! நல்லம்மா பாட்டி வீடியோ இதுல இருக்கு. எடுத்துக்கிட்டிருக்கோம்."

ராகம் நின்றது.

"அழிஞ்சு போச்சுன்னுல்ல கோலின் சொன்னான்?"

"இல்ல அத்தே. உள்ள உயிரோட இருக்கு."

ஐவியின் விரல் சுவிட்சை விட்டு உடனே வரவில்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி இருக்கும். கோலின் அதைப் பார்த்தான். அவசரத்தில் அக்காவுக்குப் புரியவில்லை போல என்றுதான் அப்போது நினைத்தான். பிறகு ஐவி கையை எடுத்துக்கொண்டு, படத்தை நெஞ்சோடு அணைத்தபடி அங்கேயே நின்றாள்.

நான்கு மணிக்கு நகல் முடிந்தது. கோலின் அதைத் தன் மடிக்கணினியில் மாட்டினான். தேவன் சொன்னபடி பெட்டகத்தைத் திறந்தான். வீடியோ முழுதாக இருந்தது. ஒரு இடம்கூடக் கெடவில்லை.

ஏஞ்சலா சித்தப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கோலின் விக்கி விக்கி அழுதான். ட்ரேசி அவன் தலையில் கை வைத்தாள், அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

"போடு" என்றாள்.

*

பிளாஸ்டிக் நாற்காலியில் நல்லம்மாள். பின்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள், ரப்பர் நின்ற இடத்தில் இப்போது அதுதான். முதலில் கேட்டது கீத்தின் குரல். "பேசலாம் மா, ஓடுது" என்றான். அந்தச் சாதாரண வார்த்தைக்கு ட்ரேசி வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்பது நாளாகக் கேட்காத குரல்.

"தீவாளி கழிச்சு மறு வாரம்" என்று நல்லம்மாள் ஆரம்பித்தார். "நல்ல மழ. வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக்கொட்டாய்க்குப் பின்னால ஒரு ரூம்பு இருக்கும், அங்கதான். வலி வந்த பொண்ணு வாயவே தொறக்கல தம்பி. பக்கத்து லயத்து வீட்டுல கேட்ருமாம். மூக்காலயே பாட்டுப் படிச்சிச்சு. கோயில் பாட்டு. விடியற வரைக்கும் அந்தப் பாட்டுதான். எத்தினியோ பிரசவம் பாத்திருக்கேன், அப்படி ஒண்ண பாத்ததில்ல."

"அந்தப் பொண்ணுக்கு இந்த ஊரு ஐ.சி. இருக்கா மா?"

"இருக்கே. படிச்ச பொண்ணு. உசுரோடதான் இருக்கு."

"பேரு?"

நல்லம்மாள் நேராகப் பார்த்தார்.

"அந்த ரெக்கார்ட மூடு தம்பி. மூடினாத்தான் சொல்லுவேன். புள்ள தலையில கைய வெச்சு அந்தப் பொண்ணுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன், ஊரு முன்னாடி பேரச் சொல்ல மாட்டேன்னு. ஒனக்கு மட்டும் சொல்றேன். மத்தவங்களுக்கு அதுவா வந்து சொல்லட்டும்."

படம் ஆடியது. கீத்தின் சட்டைப் பொத்தான் ஒன்று தெரிந்தது. வீடியோ முடிந்தது.

"முழுசா வந்துச்சா?" தேவன் கைப்பேசியில் கேட்டார்.

"முழுசா வந்துருச்சுண்ணே" என்றான் கோலின்.

ஏஞ்சலா மறுபடி ஓட்டினாள். மறுபடியும். மூன்று தடவையும் அந்த இடத்திலேயே முடிந்தது. பேரைக் கேட்டவன் கல்லறையில் இருந்தான், சொன்னவரும் மண்ணுக்குள். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

கோலின் அண்ணியைப் பார்த்தான். ட்ரேசி திரையைப் பார்க்கவில்லை. கதவருகில் படத்தை அணைத்து நின்ற ஐவியின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சிவந்து கொப்பளித்திருந்த அந்த இடத்தை.

அப்போதுதான் கோலினுக்கு உறைத்தது. பதினேழு வருடத்துக்கு முன்னால் அக்கா ஒரு வருடம் வீட்டில் இல்லை. சிலிம் ரிவர் தோட்டத்தில் ஆயாக்கொட்டாய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரப் போயிருந்தாள். பிள்ளையில்லாத அண்ணன் வீட்டுக்கு, தோட்டத்தில் ஒரு அநாதைக் குழந்தை இருக்கிறது என்று செய்தி கொண்டுவந்ததும் அவள்தான். அவன் வாயைத் திறந்தான். ட்ரேசி கண்ணாலேயே தடுத்தாள்.

"ஐவி" என்றாள், ரொம்ப மெதுவாக. "இன்னிக்கு மன்றாட்டு நீ சொல்லு."

"உபதேசியார் சொல்வாரே அண்ணி."

"இல்ல. நீ சொல்லு."

*

ஐந்தரைக்குக் கூடாரம் நிறைந்துவிட்டது. விசிறிகள் சுற்றின, இனிச் சுற்றினால் என்ன. ஜெபமாலை முடிந்தது. வாசல் வழியாகத் தெரிந்த கீத்தின் படத்தைப் பார்த்து எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். வீட்டுக்காரர்கள் மன்றாட்டைச் சொல்லலாம் என்று உபதேசியார் ஒதுங்கினார்.

ஐவி மைக்கை வாங்கினாள். மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

"எங்க அண்ணன் கீத்தோட ஆத்மாவுக்காக" என்றாள்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம்.

"எங்க அண்ணிக்காக."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

யாரோ இருமினார்கள். உபதேசியார் மைக்குக்குக் கை நீட்டினார். ஐவி கொடுக்கவில்லை.

"ஏஞ்சலாவுக்காக" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "நல்லம்மா சொல்லாம விட்ட பேரு ஐவி. அவளப் பெத்தவ நான்தான். நாளைக்குப் பத்து மணிக்கு என் ஐ.சி.ய எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்கு வாரேன்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பாதிக் கூட்டம் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது என்னவென்று அவர்களுக்குப் புரிந்தது.

ட்ரேசி கண்ணை மூடியிருந்தாள். கோலின் தலையைக் குனிந்துகொண்டான். நாளைக்கு ஏஞ்சலாவுக்கு ஒரு நாடு கிடைத்துவிடலாம், அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. முடியவில்லை.

முழங்காலில் நின்றவர்களுக்கு நடுவே ஏஞ்சலா மட்டும் எழுந்தாள். அழுது வீங்கிய முகம். ஐவியை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவள் போல ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்ப காலையில ஏன் மூணு தடவ கேட்டீங்க அத்தே," என்றாள், "ஒண்ணும் மிச்சம் இல்லையேன்னு?"

ஐவி வாயைத் திறந்தாள். மறுபடி உதடு மூடிக்கொண்டது. கையிலிருந்த மைக்கில், கூடாரம் முழுக்கக் கேட்கும்படி, அந்த ராகம் வந்தது.